இடது கன்னம்

வெறும் தண்ணீருக்குத் திரையில் மேடு எழக்கூடாது. எழுந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இறைச்சி கெட்டிருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் அது. பொருளின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை ராமன் கருவியில் வாங்கினால், அந்தப் பொருளுக்கே உரிய மேடுகள் திரையில் கோடாக எழும். சாதாரணத் தகட்டில் அந்த ஒளி ஈனக்குரலில் முனகுவதோடு சரி. இவள் வைத்திருந்த தகட்டிலோ கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவற்றின் இடுக்கில் விழுகிற ஒளி லட்சக்கணக்கான மடங்கு பெருகி, இருக்கிறதா இல்லையா என்கிற அழுக்கைக்கூடக் கூப்பாடு போட வைத்துவிடும்.

இப்போது கூப்பாடு போட்டது அழுகிய சதை.

கருவிக்காக எப்போதும் இருட்டடித்து வைத்திருந்த அறை, ஏசியின் முனகல், மூக்கைக் கரிக்கும் ஸ்பிரிட் வாடை. கையுறையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், புதுத் தகடு பிரித்தாள். மேடு இன்னும் உயர்ந்தது. குனிந்து பார்க்கப் பார்க்கத்தான் உயர்கிறதோ என்று தோன்றியது.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன் வந்து, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் கையால் ஒரு சொட்டு விட்டார். கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது.

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. உங்கிட்டேருந்துதான் என்னவோ விழுது. வர்ற வழியில செத்த எலியை எதையாச்சும் மிதிச்சியா?" சிரித்தார். "ஒவ்வொரு இடமா பஞ்சால ஒத்தி எடுத்துப் பாரேன்."

கை சுத்தம். வெள்ளைக் கோட்டு சுத்தம். வலது கன்னம் சுத்தம்.

இடது கன்னத்துக்குத் திரை போதவில்லை.

காலையில் கிளம்பும்போது கணவன் முத்தமிட்ட இடம். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தவன், மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்து, மூச்சில்லை என்று அவள் அலறிக்கொண்டு போனைத் தேடியபோது, "என்ன, பயந்துட்டியா?" என்று எழுந்து உட்கார்ந்தவன். போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அவள் எதையும் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. 'நான் அப்பவே சாப்பிட்டேன்.' உடம்பெல்லாம் சென்ட். அதற்கடியில் தித்திப்பாய் ஒரு நாற்றம். சாக்கடைதான் என்று நினைத்து, தினமும் பிளீச்சிங் பவுடர் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்பிரிட்டால் கன்னத்தைத் தேய்த்தாள். தோல் எரியும்வரை தேய்த்தாள். கழிப்பறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். தகட்டில்தான் ஏதோ கோளாறு, நேரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். அவன் அவளுடைய ஆள். வேறு எங்கே போவாள்?

கதவு தாழிடாமல் இருந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே எல்லாத் திரையும் இழுத்துவிட்டிருந்தது. சென்ட். தித்திப்பு.

"வந்துட்டியா? டீ போடட்டுமா?"

அதே குரல். அதே பாசம்.

ஜன்னல் திரை ஏன் இவ்வளவு கறுப்பு? கறுப்பு அசைந்தது. ஈக்கள்.

"முகம் ஏன் இப்படிச் செவந்து கிடக்கு?"

அருகில் வந்தான். கால் நகரவில்லை அவளுக்கு. குனிந்தான். வலது கன்னத்தில் உதடு பதிந்தது. குளிர். ஈரம். அவன் விலகியபோது ஈரக் காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம்.

கன்னத்தில் ஏதோ தொங்கியது.

"அசையாத," என்றான் கனிவாக.

அவன் பற்கள் தெரிந்தன. ஈறு தெரிந்தது. அவற்றை மூட ஒன்றும் இல்லை.

நகத்தால் அவள் கன்னத்திலிருந்து மெதுவாக உரித்தெடுத்தான். தன் வாய்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினான். சற்றுக் கோணலாக ஒட்டியது.

அதைக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.