பழைய போர்வை

வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிட்டுப் பெரிய பாதியை மனைவி தொமாசாவிடம் நீட்டினான் இலாரியோ.

"தின்னுடி. காத்து உன்னைத் தூக்கிட்டுப் போச்சுன்னா உங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"உன்னைய தூக்கிட்டுப் போனா எனக்கு யார்கிட்டயும் பதில் சொல்ற வேலை இல்லய்யா."

ஊரே மலைமேட்டுப் புல்வெளியில் ஒரே நீளக் கயிற்றைப் பிடித்து நின்றது. வண்ணத் துணி கட்டிய அந்தக் கயிற்றை ஒட்டக இனத்துச் சிறு விலங்குகளான விக்குன்யாக்கள் தாண்டுவதில்லை. காட்டில் திரியும் அவற்றை மெல்ல வளைத்துப் பட்டிக்குள் ஓட்டி, ரோமம் கத்தரித்து விட்டுவிடுவார்கள். அன்று அவை ஓடவில்லை. கத்தவுமில்லை.

மூடுபனி இறங்கி, முதலில் மலையை, பிறகு ஆட்களை, கடைசியில் பத்தடி தள்ளி நின்ற இலாரியோவையும் மூடியபோது, ஈர ரோமத்தின் வீச்சமும் சீழின் புளித்த வாடையும், எங்கோ குளம்பால் தோலைச் சொறியும் வறண்ட சத்தமும் மட்டுமே தொமாசாவைச் சுற்றி மிஞ்சின.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளையிட்டு வரும் நோய் அது. அதன் பெயரை மலையில் வைத்து யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஒட்டிக்கொள்ளும். நோய் கண்ட விலங்கைப் பழைய போர்வை என்பார்கள். கயிற்றைத் தூக்கி அதை வெளியே விட்டுவிடுவது வழக்கம்.

"தொமாசா, இங்க ஒரு பழைய போர்வை."

"தூக்கி விட்டுடுய்யா."

அவள் கையில் கயிறு தளர்ந்தது.

"விலங்கு இல்லடி. யாரோ போத்திக்கிட்டு நிக்கறாங்க. மொகம் தெரியல."

அதன்பின் குரல் இல்லை. கயிறு மறுபடி விறைத்தது.

மூடுபனியில் இரண்டு முறை சுண்டினால், இருக்கிறேன் என்று பொருள். சுண்டினாள். பதிலுக்கு இரண்டு வந்தது.

"இலாரியோ?"

மறுபடி இரண்டு.

பிறகு கயிறு அதிர்ந்தது. சீராக. விடாமல். யாரோ அதில் கழுத்தைத் தேய்ப்பது போல.

பனி விலகியது. இலாரியோ இல்லை. அவன் இடத்தில் போர்வை போர்த்திய உருவம். கிட்டே போனாள். போர்வைக்கு ஓரம் இல்லை. தையல் இல்லை. வெடித்த சாம்பல் நிறப் பொருக்கு. கழுத்திலிருந்து கால்வரை. மூச்சு வாங்கியது. கயிற்றை இரண்டு முறை சுண்டியது.

இப்போதும் வளைப்பு நாளில் தொமாசாவுக்கு அடுத்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. அங்கே கயிறு தொய்வதில்லை.