சீனியைத் தொடாத எறும்புகள்

சீனிப் பேணி திறந்தே கிடந்தது. மேசையில் சிந்திய சீனி அப்படியே இருந்தது. எறும்புகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குசினிச் சுவரால் இறங்கி, மேசைக்காலைச் சுற்றி, சீமெந்து நிலத்தில் ஒரே நிரையாக ஓடி, சாய்ப்பறையின் மூடிய கதவுக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தன. பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்த கமலாசனி, இந்தக் காட்டில் எறும்புக்கும் புத்தியில்லை என்று நினைத்தாள்.

அவளைத் தவிர எவருக்குத்தான் புத்தி இருந்தது? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பூவரசங்குளத்திலிருந்து மூன்று கட்டை தூரம் உள்ளே காணி எடுத்துக் குடியேறிப் பதினாறு வருடம் ஆகியும், தன் வேலிக்கு வெளியே மனிதர் இருப்பதாக அவள் ஒத்துக்கொண்டதில்லை. மருமகள் விமலேஸ்வரி வேலிக்கு உள்ளே இருந்தும் தேறவில்லை. விடியப்புறம் அந்தச் சாய்ப்பறையில் ஆண்பிள்ளை பெற்றாள். மருத்துவிச்சி கொடி அறுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மகன் பாலன் பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு வாங்கச் சைக்கிளில் வவுனியாவுக்குப் போயிருந்தான்; திரும்ப இருட்டிவிடும். கமலாசனி தலை முழுகியும் ஆயிற்று. முழுகியவள் தீட்டான துடக்கறைக்குள் இனிக் கால் வைப்பாளா? பிள்ளையை மட்டும் வெளியே எடுத்து ஏணைத் தொட்டிலில் போட்டிருந்தாள். குளிப்பாட்டிய பிள்ளைக்குத் துடக்கில்லை என்பது அவளே போட்ட சட்டம். முதல் பால் ஆகாது, மூன்று நாளைக்குச் சீனித்தண்ணீர்தான் என்பதும் அவள் சட்டம்தான்.

குசினி வாசலில் அமராவதி வந்து நின்றாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்து, எதிர்க்காணியில் குடிசை போட்டிருப்பவள். துடக்குச் சீலைகளை எடுத்து வாய்க்காலில் அலசுவது இன்று அவளுக்கு இட்ட வேலை. கையில் பேசின் இருந்தது.

“அம்மா, இது சரியில்லங்க. விடிஞ்சதிலருந்து அஞ்சு சீலை முழுசா நனைஞ்சிருச்சு. வயிறு பஞ்சாட்டம் கெடக்கு. தேச்சு விட்டா இறுகும். புள்ளைய மாருல போட்டாலும் ரத்தம் கட்டுப்படும்.”

“அவளின்ரை வயித்திலை நீ கை வைச்சனியே?”

“வச்சேங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருத்துவச்சி அம்மாவுக்கு ஆறு வருசம் ஒத்தாசையா இருந்திருக்கேன்.”

“துணியை எடுக்கச் சொன்னா துணியை மட்டும் எடு. உன்ரை தோட்டக்காட்டு வைத்தியத்தை உங்கடை ஆக்களோடை வைச்சுக்கொள். கெட்ட ரத்தம் போகத்தான் வேணும். நாங்கள் பெறாத பிள்ளையே?”

“முத்துலிங்கம் ஐயா டிரக்டர கேட்டா வவுனியாவுக்குக் கொண்டு போயிரலாங்க. இப்பவே போகணும்.”

“ரத்தம் ஒழுக ஒழுக ஊர்வலம் காட்டவோ? பின்கதவைக் கொண்டி போட்டிட்டுப் போ.”

தோய்ந்த சீலையை அமராவதி தொடலாம், வீட்டுக்காரர் அதைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரத்தம் போகிற உடம்பை அவள் தொடக்கூடாதாம். எவ்வளவு நல்ல குடும்பத்து ஒழுங்கு! அமராவதி சாய்ப்பறைப் பின்கதவின் கொண்டியை வெளியே போட்டாள். பேசினை முற்றத்தில் வைத்துவிட்டு, குடிசைப் பக்கம் போகாமல், டிரக்டர் நெற்சூடு மிதிக்கும் வயல்களை நோக்கி ஓடினாள். ஓடட்டும் என்று கமலாசனி விட்டுவிட்டாள்.

“மாமி, தண்ணி தாங்கோ.”

கதவுக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் மெலிதாக வந்தது.

“பிள்ளை பெத்த வயித்துக்குத் தண்ணி கூடாது. சரக்கு வரட்டும்.”

வெயில் ஏறி, ஓட்டுக்கூரை சடசடக்க, முற்றத்துப் பேசினில் மொய்த்த இலையான்களின் இரைச்சல் குசினிவரை வந்து காதுக்குள் குடியிருக்க, கிணற்று வாளிச் சங்கிலியை நனைத்துக் கையில் பிடித்தால் வருமே, அந்தத் துருவாடை கதவின் கீழால் ஊர்ந்து வந்து சீனித்தண்ணீரிலும் அவள் முழுகிக் காயவிட்ட தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டது. அதற்குள்ளே ஒரு சத்தம். சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. தண்ணீர்க் குடம் ஒழுகுகிறதாக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த அறையில் குடம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருந்தது ஒரு சாக்குக் கட்டில்தான்.

எழும்பிப் போய்க் கதவைத் திறக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து அடி. ஆனால் திறந்தால் பார்க்க வேண்டும். பார்த்தால், அந்தத் தோட்டக்காட்டாள் சொன்னது சரியென்று ஆகிவிடும். கமலாசனி கதிரையை விட்டு அசையவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தையும் அவள் மதிக்கவில்லை.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது சொட்டுச் சத்தம் நின்றது.

“பாத்தியே, தானாய் நிண்டிட்டுது” என்றாள், யாரும் இல்லாத குசினியில்.

“மாமி, தண்ணி தாங்கோ.”

அதே குரல். அதே மெலிவு. இடையில் மூச்சு வாங்கவில்லை, முனகவில்லை. ஏணையில் வீரிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் குரலுக்குச் சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. பிறகும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. கமலாசனி காதைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

எறும்புகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன் வாசலில் டிரக்டர் வந்து நின்றது. மூன்று வயல்வெளி தேடி அலைந்து அமராவதி அதைக் கொண்டுவந்திருந்தாள். பின்கதவின் கொண்டி கழன்றது. காலடி. அது கட்டிலடியில் நின்றது.

“அம்மா. இங்க வாங்க.”

கமலாசனி கதவைத் திறந்தாள்.

விமலேஸ்வரி வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். கழுவிய வெள்ளைச் சீலைபோல வெளிறியிருந்தாள். கண் திறந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே இரத்தம் கறுத்து உறைந்திருந்தது. எறும்பு நிரை கட்டில் காலால் ஏறி, கையால் ஏறி, உதட்டோரமாக வாய்க்குள் போனது.

“எப்பவோ போயிருச்சுங்க. ஒடம்பு வெறச்சுப் போச்சு.”

“விசர்க்கதை கதையாதை. இப்பவும் தண்ணி கேட்டவள்.”

அமராவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மிதித்துவிட்ட சாணியைப் பார்ப்பதுபோல. ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

“மாமி, தண்ணி தாங்கோ.”

உதடு அசையவில்லை.

கமலாசனி போனாள். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். குனிந்து, அந்த வாய்க்குள் ஊற்றினாள். எறும்புகளோடு தண்ணீர் வழிந்தது. கன்னத்தால். கழுத்தால். சாக்கினூடாக.

சொட்டு.

சொட்டு.

“மாமி, தண்ணி தாங்கோ.”

செம்பு வெறுமையாகிவிட்டது. அவள் மறுபடியும் நிரப்பப் போனாள்.