விட்டுக்கொடுத்த விடுப்பு

"அதைத் தொடாதே. நான் துடைச்சுக்கறேன்."

மருமகள் கையிலிருந்த ஈரத் துணியை மாமியார் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். சுவரிலிருந்த படத்தில் அவள் மகன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. வான்சண்டையில் அவனுடைய போர் விமானம் எரிந்து கடலில் விழுந்து அன்றோடு எட்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு வந்து சேர்ந்தது அவனுடைய பெட்டி மட்டும்தான்.

"லீவுல வர்றேன்னவனை வேண்டாம்னு நீ தடுக்காம இருந்திருந்தா..." மாமியார் மேலே சொல்லவில்லை. எட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய பேச்சு அது. மீதி மருமகளுக்கே தெரியும்.

மருமகள் வேலைக்குக் கிளம்ப ஆயத்தமானாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் அவள். வீட்டில் அவள் கையை ஒருவர் ஆசையாகத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "இங்கே வந்துடு" என்று அண்ணன் கூப்பிட்டு அலுத்துவிட்டான். மாமியாரைத் தனியே விட்டுப்போக அவளுக்குத்தான் மனம் வரவில்லை.

வாசல் மணி அடித்தது. நாற்பதை நெருங்கும் ஒருவரும், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமியும் நின்றிருந்தார்கள். மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே அவரைக் கெஞ்சினாள்.

"இல்லம்மா, இன்னும் மறைச்சா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு அவர் மாமியாரின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, நானும் விமானிதான். உங்க மகனும் நானும் ஒரே அறையில இருந்தோம். அன்னிக்குப் பறக்க வேண்டியவன் நான். என் மனைவிக்குப் பிரசவத்துல சிக்கல், உயிருக்கே ஆபத்துன்னு தகவல் வந்துச்சு. சண்டை நேரம், ஒருத்தருக்குத்தான் லீவு. அது அவன் கையில இருந்துச்சு. எனக்குக் கொடுத்துட்டு என் இடத்துல அவன் போனான். நான் ஊர் போய்ச் சேர்ந்தப்போ இவ பிறந்திருந்தா. மறுநாள்... அவன் இல்ல."

"இவ வர வேண்டாம்னு சொன்னதாலதானே அவன் வரல?"

"யாரு, இவங்களா? அவன் போன் பேசறப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். 'கையில லீவு இருந்தும் வரலேன்னா அம்மா தாங்க மாட்டாங்க. நீ வேண்டாம்னு சொன்னதாச் சொல்லிடு. நான் வந்து சரி பண்ணிக்கறேன்'னு சொன்னான்."

மாமியார் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனாவது படிக்கிறே?" என்றாள்.

"மூணாவது."

மாமியார் சிறுமியின் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தக் குழந்தையைத்தான் கரிச்சுக் கொட்டியிருப்பீங்க, அத்தை. யாரையாவது திட்டினாத்தான் உங்களால எழுந்து நடமாடவே முடிஞ்சுது. அது நானா இருந்துட்டுப் போறேன்னு..."

"எட்டு வருஷம்டி... வாய்க்கு வந்தபடி பேசினேனே. நீயும் அவனைப் பறிகொடுத்தவதான்னு எனக்குத் தோணவே இல்லையே..."

மாமியார் அவள் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். அவளும் அழுதாள். இருவரும் சேர்ந்து அழுவது அதுதான் முதல் தடவை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியார் கேட்டாள். "போன்ல வேற என்ன பேசினான்? ஒண்ணு விடாம சொல்லு."

அவனுடைய அந்தக் கடைசிப் பேச்சை இத்தனை வருஷமும் மருமகள் ஒருத்தியே வைத்திருந்தாள். அதை அவளிடம் கேட்க ஆள் இருந்ததில்லை. இன்று வேலைக்கு வர முடியாது என்று தகவல் சொல்லிவிட்டு வந்து, மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைன்ல ஒரே இரைச்சல், அத்தை. முதல்ல சிரிச்சாரு..."