ஆடு கேட்ட கேள்வி

துலுக்காணம் மாமா தேர்தலில் ஜெயித்த அன்று ஏரியில் இறால்கள் துள்ளிய துள்ளலில், கரையில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் மறுபடி நனைந்துபோனது. நம்பாதவர்கள் இறால்களையே கேட்டுக்கொள்ளலாம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்திலிருந்து டெல்லிப் பாராளுமன்றத்துக்குப் போகிற முதல் ஆள் மாமாதான். பள்ளிக்கூடச் சிறுமி குணசுந்தரிக்கு அவர் பக்கத்து வீடு. நேற்றுவரை ஏரியில் வலை வீசியவர், இன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். அங்கே டெல்லி ரயிலைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால், பதவியேற்பு நாளில் மாமாவின் நாற்காலி காலியாகக் கிடக்கும்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடிக்கக் கிளம்புகிறவரை யாரும் "எங்கே போறே?" என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அவர் வீடு திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் அன்று எல்லாருக்கும் ஓர் ஆசை. "டெல்லிக்கு" என்று மாமா தன் வாயால் சொல்வதை ஒரு தரம் கேட்டுவிட வேண்டும்.

மாமா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

"இன்னா அண்ணே, எங்க போற?" என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்த திருமலை, வாயெல்லாம் பல்லாக.

மாமா திரும்பினார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார்.

அடுத்த முறை எதிர்வீட்டுக் கெங்கம்மாள் கேட்டுவிட்டாள். "ஏரிக்குப் போறவங்களதானே கேக்கக் கூடாது? டெல்லில ஏது ஏரி?" என்று வாதாடியும் பார்த்தாள். அதற்குள் மாமா பாதிச் செம்பைக் காலி செய்திருந்தார்.

மூன்றாவது முறை கேட்டது ஓர் ஆடு. "மே..." என்றது. மாமா திரும்பிவிட்டார்.

"மாமா, அது ஆடு!" என்றாள் குணசுந்தரி.

"எங்க போறேன்னுதான் கேட்டுச்சு. ஆட்டுப் பேச்சு எனக்குத் தெரியும்."

குணசுந்தரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாமா, உனக்குப் பயமா இருக்குதா?"

மாமா செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா ஜெயிச்சவங்க யாரு யாருன்னு பேப்பர்ல போட்டிருந்தத நீதானே படிச்சுக் காட்டின? வக்கீலு, டாக்டரு, ராஜா ஊட்டுப் புள்ள, சர்க்கரை ஆலை மொதலாளி..."

"கடைசியில நீயும் இருந்த. துலுக்காணம், மீன்பிடித் தொழில்னு."

"அதான் கண்ணு. அவங்க நடுவுல நான் உக்காந்துகினு இன்னா பண்ணுவேன்?"

குணசுந்தரி யோசித்தாள். "கும்மிடிப்பூண்டி பெரிய பள்ளிக்கூடத்துல சேந்த அன்னிக்கு எனக்கு வயித்து வலி வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? பக்கத்துல கிரேஸ்னு ஒருத்தி ரிப்பன்லாம் கட்டிக்கினு, மூஞ்ச உர்ருன்னு வச்சிருந்தா. திமிரு புடிச்சவன்னு நெனச்சேன். உன் பேரு இன்னான்னு கேட்டேன் மாமா. ஓன்னு அழுதுட்டா! அவளுக்கும் அன்னிக்குத்தான் மொத நாளு."

"அப்பால?"

"அப்பால இன்னா, ரெண்டு பேரும் வறுத்த இறா தின்னோம்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ராஜா ஊட்டுப் புள்ளயும் புதுசுதானே மாமா? மொதல்ல பேரு கேளு. அழுதாருன்னா இதக் குடு."

அவள் வீட்டுக்கு ஓடிப்போய், வறுத்த இறால் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். அந்த வாசனைக்கு வழிநெடுகப் பூனைகள் ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடியதும், ரயில் அதனாலேயே சீக்கிரம் போய்ச் சேர்ந்ததும் தனிக் கதை.

"எழுந்திரு மாமா. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

குணசுந்தரி முன்னால் நடந்தாள். "துலுக்காணம் மாமா டெல்லிக்குப் போறாரு! டெல்லிக்குப் போறாரு!"

கேட்பதற்கென்று வழியில் நின்று வாயைத் திறந்த குப்பாயி அப்படியே மூடிக்கொண்டாள். ஆசைப்பட்ட "டெல்லிக்கு"தான் காதில் விழுந்துவிட்டதே! ஆட்டின் வாயில் மட்டும் குணசுந்தரி ஒரு பிடி தழையைத் திணித்தாள்.

வழியனுப்ப அவளும் அம்மா சின்னப்பொண்ணும் கூடவே பஸ் ஏறினார்கள். கண்டக்டர் வந்து "எங்கே?" என்று கேட்பதற்குள், "கும்மிடிப்பூண்டி மூணு!" என்று கத்தினாள் குணசுந்தரி.

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்..." என்று ஆரம்பித்தார். குணசுந்தரி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மாமா சட்டென்று குனிந்து ஜன்னலுக்குள் முகத்தை நீட்டினார்.

"டெல்லிக்குப் போறேன் சார்! இப்போதிக்கு மெட்ராசுக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க!"

பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமா குணசுந்தரியின் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலேயே நின்றார். ரயில் வந்தது. ஏறினார். ஜன்னல் வழியாகத் தெரிந்த அவர் கை, சின்னப் புள்ளியாகும்வரை ஆடிக்கொண்டே இருந்தது.

அம்மாவும் மகளும் வெளியே போகத் திரும்பினார்கள்.

"இன்னா பாப்பா, எங்க போற?" என்று கேட்டார் ஒரு போர்ட்டர்.

அம்மா திடுக்கிட்டு நின்றாள். குணசுந்தரி குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, கட்டிப்போன தொண்டையால் பதில் சொன்னாள்:

"இப்போ ஊட்டுக்கு. அப்பால டெல்லிக்கு."