சேறு பூசிய மரங்கள்

கருங்காலி துளிர்த்திருந்தது. மர வியாபாரி அமாவாசைக்கு அதுதான் பிடிக்கவில்லை. இந்நேரம் அது இலை உதிர்த்திருக்க வேண்டும்.

போடிமெட்டுக்குக் கீழே, ஏலக்காய்ச் சரிவில், பழைய எஸ்டேட் முதலாளி ஒருவர் மழைக்காட்டின் வைரம் பாய்ந்த மரங்களைத் தேடித்தேடி வளர்த்த தோட்டம் அது. கருங்காலி, நாங்கு, வெள்ளகில், ஈட்டி. உயிரோடு நிற்கும் மரத்தில் கோடாரி பட்டால் கேஸ்; தானாகப் பட்டுப்போன மரத்துக்கு ஏலம். அமாவாசைக்குச் சட்டத்தின் அந்த இடுக்கு போதுமாக இருந்தது. தங்கச்சி புருஷன் சின்ராசுவை ஏவினான். அவன் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்து, தெரியாமலிருக்கச் சேறு பூசிவிடுவான். மரம் நின்ற வாக்கிலேயே சாகும். பார்ப்பவன் நோய் என்பான்.

கடைசியாக ஈட்டியை உரிக்க நேற்றுப் போனவன் வீடு திரும்பவில்லை.

காலையில் போனில் தங்கச்சி செல்லக்கிளி அழுதாள். "மாசமா இருக்கேண்ணே. அவரக் கூட்டியாந்துரு."

"மெட்டுல பரோட்டாவத் தின்னுட்டு எங்கயாச்சும் படுத்துக் கெடப்பான் ஆத்தா. வெரசா கொண்டாந்து சேக்குறேன்."

சின்ராசு அப்படிப்பட்டவன்தான். நெஞ்சில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்து, அதைக் காட்டியே மாமனாரிடம் பைக் கறந்தவன்.

பட்டப்பகலில் மூடுபனி இறங்கியது. பறவைச் சத்தம் அடங்கி, இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் யாரோ பின்னால் மெல்ல நடந்து வருவதுபோல் கேட்க, ஏலச்செடியின் வாசனைக்கு அடியில் பச்சை இறைச்சியின் வாடை எழுந்தது. அமாவாசை குனிந்து கருங்காலியின் சேற்றைச் சுரண்டினான்.

காயம் இல்லை. மூடியிருந்தது. ஆனால் பட்டையால் அல்ல. வழவழப்பு. இளஞ்சூடு. மெல்லிய ரோமம்.

நாங்குக்கு ஓடினான். அதிலும் சேற்றுக்கடியில் அதே மாநிறம்.

வெள்ளகிலில் சேறு உதிர்ந்தது. பச்சை எழுத்துகள். செல்லக்கிளி.

"மச்சான்..."

ஈட்டிக்குப் பக்கத்தில் சின்ராசு நின்றான். கணுக்கால் வரை மண்ணுக்குள். கழுத்திலிருந்து கீழே சேறு. சேறு மூச்சுவிட்டது.

"மாப்ளே... வாடா போயிருவோம்."

"முடியல மச்சான். நின்ன வாக்குலயே வச்சிருக்கு. சாகவும் விடமாட்டேங்குது."

அவன் கண்கள் ஈட்டியின் பக்கம் திரும்பின. அங்கே ஒரு சாண் அகலத்துக்குச் சிவந்த காயம். இன்னும் மூடவில்லை.

"இதுக்கு எங்கிட்ட தோலு பத்தல."

அமாவாசை திரும்பினான். கால் மண்ணைவிட்டு வரவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது, செல்லக்கிளிதான். அடித்துக்கொண்டே இருந்தது.

சட்டைக்குள், இடுப்பைச் சுற்றி, யாரோ மெதுவாகச் சேறு பூசினார்கள்.