ஃபென்விக் குடும்பத்தின் வெற்றிக் கதவு

"அக்னெஸ் அக்கா, திங்கட்கிழமை என்ர மகன்ர வகுப்பை அங்க கூட்டிக்கொண்டு போகினம். அதுக்கு முதல் அந்தப் பலகையைக் கழட்டவேணும்!" மொன்ட்ரியால்-நோரில் அக்னெஸின் வீட்டுக்குள் நுழைந்த ஜெயனி, குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

பக்கத்து நகரான லொங்குய்யில் கொலின் ஃபென்விக் என்ற பெரிய மனிதர் தம் பாட்டனாருக்குக் கண்காட்சி வைத்திருந்தார். பாட்டனார் 1937இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் வசீரிஸ்தான் எல்லையில் பழங்குடிகளை 'அடக்கிய' வெள்ளைக்காரக் கப்டன். அங்கிருந்து பெயர்த்து வந்த வீட்டுக் கதவுதான் காட்சியின் நடுநாயகம். கீழே பலகை: 'கொள்ளைக்காரன் மீர்சமான் இவ்வீட்டுக்குள்ளிருந்து சுட்டான். கப்டன் நேருக்கு நேர் மோதி வென்றார்.'

மீர்சமான், ஜெயனி மணந்த வசீரிஸ்தான்காரனுக்குப் பூட்டன். மகனுக்கும் அதே பெயர்.

"பிள்ளையைக் கள்ளன் எண்டு கூப்பிடுவினம், அக்கா. ஆளில்லாத வீட்டைத்தான் உடைச்சவங்கள் எண்டு இவரின்ர வீட்டு ஆக்கள் சொல்லுகினம். ஆதாரத்துக்கு எங்க போறது?"

அக்னெஸ் காப்புறுதிக் கம்பனிக்காக உடைந்த கதவுகளையும் எரிந்த வீடுகளையும் பரிசோதித்தவள். அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையைக் கணவன் அம்புறோஸ் தீர்த்துவைப்பார்.

"அந்தாளின்ர கொலரைப் பிடிச்சுக் கேப்பம்!"

"இஞ்சருங்கோ, முதல் கதவைப் பாப்பம். காரை எடுங்கோ."

ஃபென்விக், தாம் வாங்காத பதக்கங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு வரவேற்றார். சுற்றிப் பார்க்கும்படி கதவை நிலையோடு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் சங்கிலியும் தொங்குபூட்டும்.

"பூட்டுக்கூட அன்று இருந்தபடியே. நிலையோடு பெயர்த்தோம், யாரும் திறந்ததில்லை" என்றார், தாமே பெயர்த்தவர்போல. "வீட்டுக்கு வேறு வாசலோ சன்னலோ கிடையாது. துணிச்சலைப் பாருங்கள்!" பிறகு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "விமானத்திலிருந்து போட்ட துண்டுப்பிரசுரம். குண்டு விழும், ஊரைவிட்டுப் போங்கள் என்று முன்கூட்டியே சொன்னோம். எவ்வளவு கருணை!"

"அறிவிச்சுப்போட்டு வந்து வீட்டை இடிக்கிற கருணை" என்று முணுமுணுத்தார் அம்புறோஸ்.

அக்னெஸ் மறுபக்கம் போனாள். குறுக்குக்கட்டை செருகும் இரும்புக் கொளுவிகள் இரண்டும் கோணாமல் நெளியாமல் இருந்தன.

"ஐயா, இதில் வெளிப்பக்கம் எது?"

"பூட்டு உள்ள பக்கம். வேறெது?"

"மீர்சமான் எங்கே நின்று சுட்டார்?"

"உள்ளே, தன்னந்தனியாக!"

"அப்படியானால் அவரை உள்ளே வைத்து வெளியில் பூட்டியது யார்?"

ஃபென்விக் பதக்கங்கள் கிலுங்கப் பூட்டுப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார்.

"உள்ளே நின்று சண்டை பிடிப்பவன் குறுக்குக்கட்டை போடுவான்" என்றாள் அக்னெஸ் அமைதியாக. "உடைத்து நுழைந்திருந்தால் கொளுவி பிய்ந்திருக்கும். பிரசுரம் விழுந்ததும் அவர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் பாட்டனார் நேருக்கு நேர் மோதியது ஒரு காலி வீட்டோடு."

"குண்டு விழப்போகிற வீட்டை எந்த மடையன் பூட்டுவான்?"

"நாங்கள் பூட்டினோம்!" அம்புறோஸின் குரல் மண்டபத்தை நிறைத்தது. "தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது தெருத்தெருவாகப் பூட்டினோம். மேலே செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. திரும்பி வர நினைக்கிறவன் பூட்டுவான், ஐயா. வீட்டுக்காரன் பூட்டுவான்."

ஃபென்விக் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "'கொள்ளைக்காரன்' என்பதை வேண்டுமானால் 'உள்ளூர்வாசி' என்று..."

"நான் சொல்லுகிறேன், எழுதுங்கள்" என்றாள் ஜெயனி. "'மீர்சமானின் வீட்டுக் கதவு. அவர் இல்லாத நேரம் களவெடுத்தது.'"

ஃபென்விக்கின் பேனா கடைசிச் சொல்லில் நின்றது. "'சேகரித்தது' என்று போடலாமா?"

"போடலாம்," என்றாள் ஜெயனி, "அவரைக் கேட்டுவிட்டு எடுத்திருந்தால்."