காலையில் மட்டும் ஆடாத கோடு

"யாரோ வேணும்னே செய்யுறாங்க நவமணி. யாருன்னும் எனக்குத் தெரியும்லா."

லெபோ பந்தாய்த் தெருவில், ஆய்வுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் நவமணியின் அலுவலகத்தில், உட்காரக்கூட மனமில்லாமல் பேசினார் இத்ரீஸ். பாலத்துக்கு அப்பால், பத்து காவான் என்ற ஊரில் தேன் பரிசோதிக்கும் ஆய்வகம் அவருடையது. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்பதை, கார்பன் அணுக்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்து அங்குள்ள கருவி சொல்லிவிடும். காலையிலும் மதியத்திலும் வேலை தொடங்குமுன் ஒப்பீட்டு வாயுவைப் பத்து முறை செலுத்துவார்கள். பத்து அளவுகளும் திரையில் ஆடாத ஒரே கோடாக வந்தால்தான் கருவியை நம்பலாம்.

"காலையில சுகுமாரன் ஓட்டுனா கோடு ஆடாது. மத்தியானம் சாந்தினி தொட்டா ஒரே ஆட்டம். அவ சேர்ந்து ஒரு மாசம்தான். இன்னிக்கே அனுப்பிடப் போறேன்."

"பொறுங்கண்ணே. நான் பாக்குறேன்."

காரில் பாலத்தைக் கடப்பதற்குள் நவமணியின் உதவியாளன் ஹஸ்ருல் தீர்ப்பே சொல்லிவிட்டான். "போட்டிக் கம்பெனி ஆளுதான்க்கா அந்தப் பொண்ணு." நவமணி சாலையைப் பார்த்தபடியே காரை ஓட்டினார்.

இத்ரீஸ் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். ஆய்வகத்தில் சாந்தினி முகம் வெளிறி நின்றாள். சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டியபடி சுகுமாரன்.

"அந்தப் பத்து தடவை சோதனைக்கு எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று சாந்தினியிடம் கேட்டார் நவமணி.

"கால் மணி நேரம்க்கா. ஆடுச்சுன்னா ஆடுனதாவே குறிச்சிடுவேன்."

"காலையிலயும் அவ்வளவுதானா?"

"தெரியலக்கா. நாங்க டீ குடிச்சிட்டு வந்தாலும் சுகு அண்ணே அந்தச் சோதனையிலயேதான் இருப்பாரு."

கசிவைத் தேடி, ஹஸ்ருல் மெல்லிய குழாயால் ஒவ்வோர் இணைப்பின் மீதும் ஆர்கான் வாயுவை ஊதினான். ஒப்பீட்டு வாயு நுழையும் நுண்குழாயின் மரையருகே ஊதியதும், திரையில் ஆர்கானைக் காட்டும் கோடு துள்ளி எழுந்தது. அங்கே கசிவு. மரையின் மேல் தூசி படிந்திருந்தது. கழற்றினால், குழாய் புதிது; கசிவை அடைக்க வேண்டிய வளையம் மட்டும் பழையது, நசுங்கியிருந்தது.

"சொன்னேன்ல! மத்தியானத்துல இவதான் தளர்த்துறா," என்றார் இத்ரீஸ்.

"தினமும் தளர்த்தி முடுக்குனா மரையில தூசி நிக்காதுண்ணே. இது ராத்திரி பகலா கசியுது. அப்போ காலையில மட்டும் எப்படி ஆடாம இருக்கும்?" நவமணி சுகுமாரன் பக்கம் திரும்பினார். "கால் மணி நேர வேலைக்கு டீ நேரம் தாண்டியும் ஏன் உக்காரணும்? நல்ல பத்து கிடைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுனாத்தான் அவ்வளவு நேரம் ஆகும். இந்தக் குழாயை மாத்துனது நீங்கதானே தம்பி?"

சுகுமாரனின் கைகள் தளர்ந்தன.

"புது வளையம் கையில இல்லக்கா. பழசையே போட்டேன். சொன்னா வேலை போயிடும்னு பயம். அவ சேர்ந்த வாரம்தான் அது. பழி அவ மேல திரும்புனப்போ... பேசாம இருந்துட்டேன்."

இத்ரீஸால் சாந்தினியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தப்பா நெனச்சுட்டேன்மா."

"அது இருக்கட்டும் பாஸ்," என்றாள் அவள். "காலையில நல்லதுன்னு சொல்லி அனுப்புன தேனெல்லாம் இப்ப எந்தெந்தக் கடையில இருக்கு?"

இத்ரீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.